பிலோமினா டீச்சரின் காருக்கு நான் பூட்டிய சிப்புகள்

போன கிழமை கோழிகளுக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. பேசியவர் நான் முன்பு வேலை செய்த கராஜில் இப்போது இருக்கிற பாஸ். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் நாற்பது வருடம் சவிரி பாஸாக இருந்து ஓய்ந்தவன்.

“சவிரி பாஸ், டர்போ டீசல் கார் ஒண்டு வந்திருக்கு. லோ ரெவ்வில, மெதுவா எடுக்கேக்க, இழுக்குதில்ல, விக்குது. சிப் ஒண்டு பூட்டினா சரிவருமா?”

“எயார் ஃபில்டரைக் கழற்றிப் பாத்தியா?”

“இல்ல பாஸ். கஸ்டமர் சிப்தான் கேக்குறார்.”

வயிற்றுவலி என்று வந்தவன் எனக்கு மூக்குக்கண்ணாடி வேண்டும் என்றால் டாக்டர் எளிதாக எழுதிக் கொடுத்துவிடுவாரா? சொல்ல வேண்டியதைச் சொல்லிப் போனை வைத்தேன். அதற்குள் குருணைச் சட்டியைக் கோழிகள் கவிழ்த்துவிட்டிருந்தன. எனக்கு வந்த எரிச்சலில் பாதிதான் அந்தப் பாஸ்மேல். மீதி என்மேல். ஏனென்றால் இந்தக் கரையில் முதன்முதலாகச் சிப் பூட்டிய மேதாவிகளில் நானும் ஒருவன். மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்டு என் உயிரை வாங்குகிறபடியால், ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன்.

டர்போ என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழலும். அது எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் தள்ளும். விசிறி வேகம் பிடிக்கும்வரை கொஞ்சம் சோம்பல் இருக்கத்தான் செய்யும், அது அதன் பிறவிக்குணம். ஆனால் சோம்பல் வேறு, விக்கல் வேறு. சிப் என்பது தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதை வயருக்கு நடுவில் பூட்டினால் காரின் கம்பியூட்டருக்குப் பொய்க்கணக்குக் காட்டிக் கூடுதல் டீசலை விடவைக்கும். காரின் வருத்தம், அதாவது நோய், என்னவென்று கண்டுபிடிக்க அதற்குத் தெரியாது. இந்த ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது, அந்த ஒரு வருடத்தின் செலவு முழுவதும் வேறொரு ஆளின் தலையில் விழுந்தது.

நான் கண்டக்குழியில் பிறந்தவன். வள்ளத்தில் ஏறினால் கரை மறைவதற்குள் குடல் வெளியே வந்துவிடும். இவன் கடலுக்கு உதவமாட்டான் என்று முடிவுகட்டிப் பதினேழு வயதில் என்னைக் கற்பிட்டி வீதியில் ரசீன் ஹாஜியாரின் கராஜில் கொண்டுபோய் விட்டார் அப்பா. முதல் ஐந்து வருடம் சாமான் கழுவினேன், வசவு வாங்கினேன். அதில் எழுத ஒன்றுமில்லை.

ஹாஜியாரைப் பற்றி எழுத வேண்டும். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேர்ட். நாள் முழுக்கக் கராஜில் நிற்பார், ஒரு சொட்டு ஒயில் அதில் பட்டு நான் கண்டதில்லை. பூவரச மரத்தடியில் ஒரு கதிரை. வண்டிக்காரர் வந்தால் முதலில் அவரை அங்கே இருத்தி, என்ன வருத்தம், எங்கே வருகிறது, எப்போது தொடங்கியது என்று கேட்பார். அந்தக் கதை முடியும்வரை பொனெட்டில் ஒருவனும் கைவைக்கக் கூடாது. பிறகு, எந்த இடத்தில் பிழை காட்டுகிறதோ அந்த இடத்துக்கு வண்டிக்காரரோடு போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். “கராஜுக்குள்ள நிக்கிற நேரம் எல்லா வண்டியும் நல்ல புள்ளதான்” என்பார். அவர் சத்தம் போட்டு ஏசினதே இல்லை. நாங்கள் மடத்தனமாக ஏதாவது செய்தால், பக்கத்தில் வந்து கையிலிருக்கிற ஸ்பனரை மெதுவாக வாங்கி, துணியால் துடைத்து, பலகையில் அதன் ஆணியில் கொழுவிவிட்டுப் போவார். போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு மூளையோடு திரும்பி வா என்று அதற்கு அர்த்தம். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைக்காது.

அவர் பழக்கிய வேலைகளில் ஒன்று, ஃபில்டருக்கு எண்ணெய் பூசுவது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் பக்கத்து வீதிகளில் மணல் புகைபோலப் போகும். வெங்காயம் ஏற்றுகிற லொறிகள் அதைக் குடித்துக் குடித்தே எஞ்சின் தேய்ந்து சாகும். பழைய லொறிகளில் காற்று உள்ளே போகிற வழியில் ஒரு எண்ணெய்க் கிண்ணம் இருந்தது, மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு காகித ஃபில்டர் வந்தது. ஹாஜியார் அதை நம்பவில்லை. அதற்கும் மெல்லிசாக எண்ணெய் பூசச் சொன்னார். பூசினோம். எங்களிடம் வந்த லொறிகள் மற்றவர்களுடையதைவிடக் கூடக்காலம் ஓடின. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வருகிற லொறிக்காரர்கள்கூட “எண்ணெய் பூசி விடுங்க பாஸ்” என்று கேட்டு வாங்கிப் போவார்கள். எங்கள் கராஜின் பெயரே அதில்தான் நின்றது. நாங்கள் கொஞ்சம் தலைக்கனமாகவும் இருந்தோம்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் வெள்ளைக்காரர் எங்கள் கடலில் இடுப்பில் பட்டம் கட்டிப் பலகையில் வழுக்கி விளையாட வந்தார்கள். தங்குமிடங்கள் முளைத்தன. வீதி திருந்தியது. யப்பானில் ஓடித் தேய்ந்த கார்கள் இங்கே புதுமாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கின. அப்படி வந்த ஒரு டர்போ டீசல் காரைத்தான் பிலோமினா டீச்சர் வாங்கினார்.

டீச்சருக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. கணக்குப் படிப்பிக்கிறவர். கலியாணம் செய்யவில்லை. கண்டக்குழியில் தமையன் அன்ரன் சம்மாட்டியின் வளவில் இருந்தார். சம்மாட்டி என்றால் படகுகளுக்குச் சொந்தக்காரர், அவருடைய சொல்லுக்கு முப்பது பேர் எழும்பி நிற்பார்கள். தங்கச்சி கார் ஓட்டப் பழகியது அவருக்குத் துண்டாகப் பிடிக்கவில்லை. ஆனால் டீச்சரின் பாடசாலை பாலாவிச் சந்தியில் பெருந்தெருவில் ஏறி, பிறகு உள்ளே நெடுந்தூரம் போகிற இடத்தில் இருந்தது. பஸ் கிடையாது. அங்கே கணக்குக்கு அவரைவிட்டால் வேறு ஆளும் கிடையாது. கார் இருந்தால் அந்தப் பாடசாலை, இல்லாவிட்டால் இல்லை. கதை அவ்வளவுதான்.

வாங்கி நாலைந்து மாதம் கார் நன்றாக ஓடியது. நான் முதல் சர்வீஸ் செய்தேன். எங்கள் வழக்கப்படி எல்லாம் செய்தேன். அதிலிருந்து மூன்றாம் கிழமை டீச்சர் வந்தார்.

“பாஸ், சந்தியில நிண்டு எடுக்கேக்க கார் ஒரு நொடி யோசிக்குது. எக்ஸலேட்டரை மிதிச்சாலும் சும்மா நிக்குது. பிறகு திடீரெண்டு பாயுது.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்து இருக்கையில் ஏறி, அவரை ஓட்டச் சொல்லிச் சந்திவரை போயிருக்க வேண்டும். நான் செய்தது, சாவியை வாங்கி நானே ஒரு சுற்று ஓடிப் பார்த்தது. வழக்கம்போல எஞ்சினை நன்றாக உறுமவிட்டு, கிளச்சைப் பாதி பிடித்து, ஒரு இழுப்பில் எடுத்தேன். விக்கலும் இல்லை, தும்மலும் இல்லை. ஸ்கேனரைக் கொழுவிப் பார்த்தேன், அதுவும் ஒரு பிழையும் காட்டவில்லை.

“கார்ல ஒண்டும் இல்ல டீச்சர். கிளச்சை விடுற விதத்திலதான் இருக்கு. பழகப் பழகச் சரிவரும்.”

டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று போனார். இதை எழுதும்போதுகூட எனக்கு என்னை நாலு சாத்துச் சாத்தலாம் போல இருக்கிறது.

அந்த நாட்களில்தான் சிலாபத்துப் பக்கமிருந்து ஒருவன் மடிக்கணினியும் ஒரு பெட்டிச் சிப்பும் கொண்டு கராஜ் கராஜாகத் திரிந்தான். வாயைத் திறந்தால் சிங்களமும் தமிழும் ஒன்றாகக் கொட்டும். நல்ல பேச்சுக்காரன். டர்போ காருக்கெல்லாம் லோ ரெவ்வில் இப்படி ஒரு நோய் இருக்கிறதாம், அதற்கு இதுதான் மருந்தாம். டீச்சர் இரண்டாம் முறை வந்தபோது ஒன்றை வாங்கிப் பூட்டினேன். கார் சட்டென்று திருந்தியது. டீச்சர் சிரித்த முகத்தோடு போனார். நானும் சட்டைக் கொலரை உயர்த்திக்கொண்டேன்.

அடுத்த சர்வீஸ் வந்தது, செய்தேன். இரண்டு கிழமையில் மறுபடியும் விக்கல், முன்னதைவிட மோசம். இந்த முறை டீச்சர் பாடசாலை டயரியின் பின்பக்கத்தை விரித்துக் காட்டினார். கார் விக்கிய நாட்களுக்கெல்லாம் சின்னப் புள்ளடி போட்டு வைத்திருந்தார்.

“பாருங்க பாஸ், நீங்க சர்வீஸ் செய்து ரெண்டு மூண்டு கிழமையிலதான் ஒவ்வொரு தரமும் தொடங்குது. பிறகு கூடிக்கொண்டு போகுது. நீங்க சர்வீஸில என்ன செய்யிறனீங்க?”

“எல்லாருக்கும் செய்யிறதைத்தான் செய்யிறன் டீச்சர். நாங்க இண்டைக்கு நேற்றா வேலை செய்யிறம்?”

கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன். ஒரு டீச்சர் வந்து எனக்கு சர்வீஸ் படிப்பிக்கிறாவா என்ற கடுப்பு. டயரியைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. முதல் சிப்பைக் கழற்றிவிட்டு, திருகு வைத்த இரண்டாவது சிப்பைப் பூட்டித் திருகைக் கூட்டிவிட்டேன். கார் கறுப்புப் புகை கக்கத் தொடங்கியது. கரையில் கருவாடு காயப்போட்டிருந்த பெண்கள் டீச்சரை நிறுத்தி ஏசினார்களாம். விக்கல் சில நாள் குறைந்து, திரும்பவும் வந்தது. ஊரில் ஒரே கதை, டீச்சருக்கு ஓட்டத் தெரியாது, வீணாக ஒரு நல்ல காரைக் கொல்லுகிறா என்று. அந்தக் கதையில் பாதியை நான்தான் கிளப்பியிருப்பேன். கேட்டவர்களுக்கெல்லாம் கிளச், கிளச் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு பாலாவிச் சந்தியில் அது நடந்தது. காரில் இன்னும் இரண்டு டீச்சர்மார் இருந்தார்கள். இரண்டு பக்கமும் பார்த்து, போதிய இடைவெளி இருக்கிறதென்று டீச்சர் காரை எடுத்திருக்கிறார். பெருந்தெருவில் பாதி ஏறியதும் கார் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றுவிட்டது. புத்தளத்திலிருந்து சீமெந்து ஏற்றி வந்த லொறி பிரேக் அடித்து, ரயர் எரிந்து, டீச்சரின் கதவிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றதாம். மற்ற இரண்டு பேரும் அந்த இடத்திலேயே இறங்கி த்ரீவீலில் போனார்கள். அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை.

அன்று பின்னேரமே அன்ரன் சம்மாட்டி சாவியைப் பறித்துக்கொண்டார். மறுநாள் காரைத் தானே ஓட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தார். அவரும் உறுமவிட்டு ஓட்டுகிற ஆள்தான், அவருக்கும் கார் விக்கவில்லை.

“ஹாஜியார், இதை நல்ல விலைக்கு வித்துத் தாங்க. இந்தச் சனியன் வளவில நிண்டா அவள் திரும்பவும் ஏறுவாள். இடமாற்றம் கேட்டுக் கடிதம் எழுதச் சொல்லிட்டன். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகட்டும்.”

ஹாஜியார் என்னைக் கூப்பிட்டு இந்தக் காரின் கதையை முதலிலிருந்து கேட்டார். சொன்னேன். சொல்லிக்கொண்டே, மூன்றாவதாக ஒரு சிப் இருக்கிறதாம், அதைப் போட்டுவிட்டு விற்றால் வாங்குகிறவனுக்குப் பிடிபடாது என்றேன். என் கையில் ஒரு ஸ்பனர் இருந்தது. அவர் எழும்பி வந்து அதை வாங்கித் துடைத்து, கொண்டுபோய்க் கொழுவினார். எனக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது.

“அந்தப் புள்ள ஓட்ட, நீ பக்கத்தில இருந்து எத்தின தரம் போயிருக்காய்?”

“ஒரு தரமும் இல்ல, ஹாஜியார்.”

“கார விலைக்குக் குடுக்கிற கதைய மறுகாப் பாப்பம். அவவ வரச்சொல்லு. அவ ஓட்டட்டும். நீ பக்கத்தில வாயப் பொத்திக்கொண்டு இரு.”

டீச்சர் வந்தார். முகம் வாடிப்போயிருந்தது. நான் இடப்பக்கம் ஏறி இருந்தேன். பாலாவிவரை ஓட்டிக்கொண்டு போனார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், பிழை ஒன்று கண்டுபிடிக்க வேண்டுமென்றே பார்த்தேன். ஒன்றும் இல்லை. கியர் மாற்றுவது சத்தமில்லை, கிளச்சைத் தேய்க்கவில்லை, எஞ்சினை ஒரு தடவைகூடக் கத்தவிடவில்லை. ஓட்டப் பழக்குகிறவர்கள் சொல்லிக்கொடுத்தபடி, எஞ்சின் குறைந்த வேகத்தில் இருக்கும்போதே அமைதியாக எடுக்கிறார். சந்தியில் நின்றோம். தெரு வெறுமையாக இருந்தது. கிளச்சை விட்டு, எக்ஸலேட்டரை மிதித்தார். கார் ஒரு அடி நகர்ந்து, அப்படியே செத்ததுபோலக் கிடந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். பிறகு பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் பாய்ந்தது.

டீச்சர் காரை ஓரமாக நிறுத்தினார்.

“இதுதான். நீங்க ஓட்டேக்க இது வராது பாஸ். அண்ணன் ஓட்டேக்கயும் வராது. நீங்க எல்லாரும் காரை உறுமவிட்டுத்தான் எடுப்பீங்க. எனக்கு அப்படி ஓட்டத் தெரியாது. அப்படித்தான் ஓட்டவேணும் எண்டா நான் விட்டிடுறன்.”

இந்தக் கரையில் அந்தக் காரை ஒழுங்காக ஓட்டிய ஒரே ஆள் அவர்தான். ஒழுங்காக ஓட்டியதால்தான் பிழை அவருக்கு மட்டும் காட்டியது. அதை வைத்தே ஓட்டத் தெரியாதவர் என்று அவரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து நம்பவைத்திருக்கிறோம்.

கராஜுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் சிப்பைப் பிடுங்கி எறிந்தேன். பிறகு காற்று உள்ளே போகிற வழியை முதலிலிருந்து கழற்றினேன். ஃபில்டர், நான் பூசிய எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிக் குழாய்க்குள் விரல் விட்டேன். விரலிலும் எண்ணெய். டர்போவுக்கு அப்பால் எண்ணெய் கண்டால் வேறு காரணம் தேடலாம். இது டர்போவுக்கு முன்னால், ஃபில்டருக்குப் பின்னால். அந்த இடத்துக்கு எண்ணெய் வேறு எங்கிருந்து வரும்? அங்கேதான் காற்றை அளக்கிற சென்சர் இருக்கிறது. அதற்குள் தலைமயிர் மாதிரி ஒரு கம்பி. எவ்வளவு காற்று வருகிறதென்று அந்தக் கம்பிதான் கம்பியூட்டருக்குச் சொல்லவேண்டும், கம்பியூட்டர் அதற்கேற்றபடி டீசல் விடும். கம்பியின் மேல் எண்ணெய் காய்ந்து, உப்பும் பொடிமணலும் அதில் ஒட்டி, மண்ணிறத்தில் ஒரு தோல் பிடித்திருந்தது. பாவம், அது குருட்டுக் கணக்குச் சொல்லியிருக்கிறது. காற்று இருந்தும் இல்லை என்று சொல்ல, டீசல் குறைந்து கார் விக்கியது. சிப் பூட்டினால் டீசல் கூடி சில நாள் சமாளித்தது. அடுத்த சர்வீஸுக்கு நான் மறுபடியும் எண்ணெய் பூசினேன். டீச்சரின் டயரியில் இருந்தது அப்படியே என் வேலையின் வரலாறுதான்.

சென்சருக்கென்றே உள்ள திரவத்தை அடித்துக் கம்பியைக் கழுவினேன். கை படக்கூடாது, துணி படக்கூடாது. தானாக உலரவேண்டும். ஃபில்டர் பெட்டியையும் குழாயையும் துடைத்து, புதுக் காகித ஃபில்டரை வெறுமனே வைத்தேன். எஞ்சினை ஓடவிட்டு ஸ்கேனரில் காற்றின் அளவைப் பார்த்தேன், முன்னைவிட நன்றாக ஏறியிருந்தது. பிறகு டீச்சர் ஓட்டுகிற மாதிரியே மெதுவாக எடுத்துப் பார்த்தேன். எண்ணெயில் வழுக்கின மாதிரிப் போனது என்று எழுத வருகிறது, ஆனால் அந்தச் சொல்லே இப்போது எனக்கு ஆகாது. நன்றாகப் போனது.

ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். நான் கொண்டுபோன பழைய ஃபில்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“எண்ணெய் பூசச் சொன்னது நான். புதுச் சாமானுக்கு ஆகுமா எண்டு ரெண்டு பேருமே யோசிக்கல்ல. அந்தப் புள்ளைட்டப் போய் உள்ளதச் சொல்லு.”

அங்கேயும் நான் கொஞ்சம் வழுக்கப் பார்த்தேன். டீச்சரிடம் “சென்சர் ஒண்டு பழுதாகி இருந்திச்சு, சரிப்படுத்திட்டன்” என்றேன். பொய் இல்லைதானே.

“ஏன் பழுதாச்சு?” என்றார். கணக்கு டீச்சர், விடை மட்டும் போதாது, வழியும் காட்டவேண்டும். சொன்னேன். எண்ணெய், சர்வீஸ், டயரி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டு ஏசியிருந்தால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஏசவில்லை.

“இதை அப்படியே எழுதித் தாங்க பாஸ். கராஜ் கடிதத்தாளில. நான் இடமாற்றக் கடிதத்தில எனக்கு வாகனம் ஓட்ட ஏலாது எண்டு காரணம் எழுதிக் குடுத்திட்டன்.”

எனக்கு ஸ்பனர் பிடிக்கத் தெரியும், பேனை பிடிக்கத் தெரியாது. மூன்று தாள் கிழித்து, நாலாவதில் எழுதினேன். டீச்சரின் ஓட்டத்தில் பிழை இல்லை, பிழை எங்கள் கராஜில் நடந்தது, இன்ன காரணத்தால் கார் சந்தியில் நின்றது. கராஜின் பெயர் போட்ட தாள் அது. வெளியே போனால், எண்ணெய் பூசி எடுத்த பெயரெல்லாம் காற்றில் போகும். ஹாஜியார் அதை இரண்டு முறை வாசித்தார். ஒரு சொல்லும் மாற்றவில்லை. லாச்சியைத் திறந்து கராஜ் முத்திரையை எடுத்து, மையில் தோய்த்து அடியில் குத்தித் தந்தார்.

மறுநாள் விடியக் காரையும் கடிதத்தையும் கண்டக்குழிக்குக் கொண்டுபோனேன். டீச்சர் சேலை உடுத்தி வெளிக்கிட்டு நின்றார். சம்மாட்டி முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் சாவியை நீட்ட, வழக்கம்போல அவர் கைதான் முன்னால் வந்தது. வாங்கித் தன் சேர்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். டீச்சர் கடிதத்தை வாங்கி வாசித்தார்.

“கல்விக் கந்தோருக்கு எப்ப குடுப்பீங்க டீச்சர்?” என்றேன்.

“கந்தோருக்கு இது தேவையில்ல. நேற்றே போன் பண்ணி, என்ட கடிதத்தைத் திருப்பி எடுக்கிறன் எண்டு சொல்லிட்டன்.” தாளைத் தமையனிடம் நீட்டினார். “இது அண்ணனுக்கு.”

சம்மாட்டி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். மெதுவாக வாசிக்கிற மனிதர். முத்திரை குத்தின இடம்வரை போய், மறுபடியும் மேலே வந்து வாசித்தார். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்துத் தங்கச்சியின் பக்கமாகக் கதிரைக் கையில் வைத்தார். கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கமாட்டானா இந்த மனுசன் என்று எனக்குள் எரிச்சல் எழும்பியது. எழும்பின கையோடுதான், அந்தத் தாள் முழுவதிலும் நானும் ஒரு இடத்திலும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை என்பது உறைத்தது.

“என்னை மன்னிக்க வேணும் டீச்சர்.”

“ஓம்” என்றார். மன்னித்த ஓமா, ஆமாம் மன்னிக்க வேண்டிய குற்றம்தான் என்ற ஓமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். எனக்குக் கராஜுக்குத் திரும்பிப் போக வாகனம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஏறச் சொல்லவில்லை. காரை உறுமவிடாமல் மெதுவாக எடுத்து, ஒழுங்கையால் திரும்பிப் பாடசாலைக்குப் போனார். நான் பஸ் வரும்வரை வெயிலில் நின்றேன்.